வெடிப்பை அடைத்துக் கட்டிய ஆடுகளம்

கரிசல்காட்டுக் கண்மாய்க்குப் பக்கத்தில் பாய்ச்சான் என்ற முயலுக்குப் புதரும், புதருக்குப் பின்னால் ஒரு துண்டு நிலமும் இருந்தன. அந்த நிலத்து வெடிப்பு ஒன்றில் வளை தோண்டி வெள்ளச்சி என்ற வெள்ளெலி குடியிருந்தாள். அவள் நாலு குட்டி போட்டு நாலே நாள்தான் ஆகியிருந்தது. ஒன்றுக்கும் இன்னும் கண் திறக்கவில்லை.

பாய்ச்சானுக்குச் சடுகுடு என்றால் உயிர். மேட்டுக்காட்டு முயல்களைத் தன் வீட்டுக்கே வரவழைத்து மண்ணைக் கவ்வ வைக்க வேண்டும் என்று அவனுக்கு வெறி. அதற்கு ஊரில் யாரிடமும் இல்லாத கல் பாவிய ஆடுகளம் வேண்டுமாம்! கல்லின் மேல் விழுந்தால் முட்டி என்ன ஆகும் என்று யோசித்தானா? அதெல்லாம் இல்லை. பெருமை வந்துவிட்டால் முட்டியா ஞாபகம் வரும்!

வேலைக்கு உருமன் என்ற காட்டுப்பன்றி வந்தான். சித்திரை வெயிலில் காய்ந்த தரையில் நாலு மிதி மிதித்துப் பார்த்தான்.

"தம்பி, மண்ணு இரும்பு மாதிரி கெடக்கு! இதுக்கு அஸ்திவாரமே வேண்டாம்!"

"இம்புட்டு வெடிப்பு இருக்கே, அண்ணாச்சி?"

"கூழாங்கல்லைக் கொட்டி இறுக்கிட்டு, மேல பலகைக்கல்லைப் போட்டா சோலி முடிஞ்சுது!"

கீழே வளைக்குள் மண் பொலபொலவென்று குட்டிகளின் முதுகில் உதிர்ந்தது. வெள்ளச்சி அதைத் தட்டிவிட்டுக் காதை நிமிர்த்தினாள். போன மாசம் பெய்த மழையில் வெடிப்பு மூடியபோது, தானியம் எடுக்கப் போன அவள் புருஷன் உள்ளேயே மாட்டிக்கொண்டான். திரும்பி வரவே இல்லை. கரிசல் தண்ணீர் குடித்தால் உப்பும் என்று அவளுக்குத் தெரியும். உப்புகிற மண்ணுக்கு வெடிப்புதான் இடம். அந்த இடத்தைக் கல்லால் அடைத்தால் மண் எங்கே போகும்?

நடுங்கிக்கொண்டே வெளியே வந்தாள்.

"அண்ணாச்சி, கோவிச்சுக்காதீங்க. இந்தக் கருப்பு மண்ணை உங்க உசரத்துக்குத் தோண்டி எடுத்துட்டு, சரளையைப் போட்டுக் கெட்டியாக்குங்க. தண்ணி ஓட ஒரு சரிவு வையுங்க. அது முடியாதுன்னா வெடிப்பையாவது அடைக்காதீங்க!"

"எனக்கே வேலை சொல்லித் தாரியா, பொடிசு!" என்று உருமன் ஓர் உறுமல் உறுமினான். வெள்ளச்சி அப்படியே சுருண்டுவிட்டாள்.

பாய்ச்சான் விழுந்து விழுந்து சிரித்தான். "விடுங்க அண்ணாச்சி! நிழல் ஆடினாலே வளைக்குள்ள ஓடுதவ இவ!"

"பயம்தான், ஐயா. என் வாசல் கல்லை மட்டுமாவது பெறகு போடுங்க. புள்ளைகளுக்குக் கண்ணு தெறக்கட்டும்!"

"களத்து நடுவுல ஓட்டை வெச்சா நாலு பேரு சிரிக்க மாட்டானா? கல்லு விழுததுக்குள்ள காலி பண்ணிரு!" என்றான் பாய்ச்சான்.

வெள்ளச்சி குட்டிகளைத் தூக்க உள்ளே ஓடினாள்; அதற்குள் வாசலில் கல் விழுந்தது. வளை இருட்டாகிவிட்டது.

இனி ஒரே வழி, வெடிப்போடு போய்க் கண்மாய்க் கரையில் ஏறுவதுதான். அதிலும் உருமன் கூழாங்கல்லை இறுக்கியிருந்தான். வெள்ளச்சி ஒவ்வொரு கல்லாகப் பல்லால் கவ்வி நகர்த்தினாள். நகம் பிய்ந்து ரத்தம் வந்தது. மூன்றாம் நாள் உச்சிவெயிலில்தான் வெளிச்சம் தெரிந்தது. அப்போது தலைக்கு மேல் ஆட்டம் தொடங்கிவிட்டது. திடுதிடுவென்று கால்கள் இடித்தன.

மூன்று குட்டிகளைக் கரைமேல் கல்குவியலுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டாள். நாலாவதுக்குத் திரும்பியபோது மூக்கில் மண்வாசனை அடித்தது.

கோடைமழை கொட்டு கொட்டென்று கொட்டியது.

"மழைக்குப் பயந்து ஆட்டத்தை நிறுத்துறதா? ஆடுங்கடா!" என்று கத்தினான் பாய்ச்சான்.

களத்தில் சரிவு இல்லை. தண்ணீர் குளமாக நின்று, கல் இடுக்கு வழியே கீழே இறங்கியது. வெள்ளச்சி உள்ளே புகுந்தாள். சுவர் ரோமத்தில் ஒட்டியது. வந்த வழி ஒவ்வொரு அடிக்கும் சிறுத்துக்கொண்டே போனது. புருஷனுக்கும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைத்தபோது அவளுக்கு மூச்சு முட்டியது. ஆனாலும் போனாள். குட்டியைக் கழுத்தில் கவ்வித் திரும்பினால், வழி அடைத்துவிட்டது!

அவ்வளவுதான், போச்சு என்று குட்டியை வயிற்றுக்கடியில் அணைத்துக்கொண்டாள்.

டமார்! போக இடமில்லாத மண், தலைக்கு மேல் இருந்த கல்லையே தூக்கிவிட்டது. ஒரு கோடு வெளிச்சம் தெரிந்தது. வெள்ளச்சி பாய்ந்து ஏறினாள். அவள் வெளியே வரவும், சடுகுடுப் பாட்டுப் பாடி ஓடிவந்த பாய்ச்சானின் பின்னங்கால் அதே இடுக்கில் இறங்கவும் சரியாக இருந்தது.

"ஐயோ, காலு! காலு! இறுக்குதே!"

மேட்டுக்காட்டு முயல்கள் ஒரே ஓட்டமாக ஓடின. வேடிக்கை பார்க்க வந்திருந்த உருமனோ முதல் கல் ஆடியபோதே கம்பி நீட்டிவிட்டான். பெரிய வேலைக்காரன்!

வெள்ளச்சி குட்டியைக் கல்குவியலில் விட்டாள். அங்கேயே இருந்திருக்கலாம், யாரும் குறை சொல்லப் போவதில்லை. திரும்பி வந்தாள்.

"நீயா! உனக்குப் பயமா இல்லையா?"

"உசிரே போகுது, ஐயா. அசையாம இருங்க!"

தலைகீழாக இடுக்குக்குள் இறங்கி, காலைச் சுற்றி நெரித்த கூழாங்கற்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எறிந்தாள். ஏழாவது கல்லோடு கால் வெளியே வந்தது. எலும்பு பிசகி, கால் கோணிப் போயிருந்தது.

பாய்ச்சான் சேற்றில் உட்கார்ந்து ஏறுமாறாகக் கிடந்த கற்களைப் பார்த்தான். "நீ பயந்தப்போ நான் சிரிச்சேனே, தாயி!" என்று அழுதான். வெள்ளச்சி அதற்குள் கல்குவியலுக்கு ஓடிவிட்டாள். குட்டிகளை எண்ணிப் பார்த்தாள். நாலும் இருந்தன.

அடுத்த கோடையில் பாய்ச்சான் கரிசலைத் தோண்டி எடுத்து, சரளை நிரப்பி, சரிவு வைத்துக் களம் கட்டினான். தோண்டுவதற்கு முன்னால் நொண்டி நொண்டி வெள்ளச்சியின் புது வளைக்குப் போய், "எங்க தொடங்கட்டும், தாயி?" என்று கேட்டுவிட்டுத்தான் தொடங்கினான். அதில் அவன் சடுகுடு ஆடவில்லை. அந்தக் காலை வைத்துக்கொண்டு எங்கே ஆடுவது? கரையில் உட்கார்ந்து, வெள்ளச்சியின் குட்டிகள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பட்டுத் தெரிந்தவர் பயந்து சொல்லும் எச்சரிக்கையைக் கோழைத்தனம் என்று சிரித்துத் தள்ளுகிறவர், அதற்கான விலையைத் தம் உடம்பாலேயே கொடுக்க நேரும்.