சூட்டைத் திருடிய கம்பளி

வேலங்குடி அரசன் சேந்தன் மலைநாட்டைப் பிடிக்கப் படை அனுப்பினானே, எந்த மாதத்தில் தெரியுமா? மார்கழியில். மலையில் உறைபனி கொட்டுகிற மாதத்தில். போகட்டும், ஆளுக்கொரு கம்பளியாவது கொடுத்தானா? அதுவும் இல்லை. மார்பை மூடிக்கொண்டு போருக்குப் போவது கோழைத்தனமாம். வெற்று மார்பு, அதில் ஒரு விரல் தடிமனுக்குச் சந்தனம். அதுதான் அந்த ஊர் வீரக்கோலம். சித்திரை வெயிலுக்குப் பூசுகிற சந்தனத்தைப் பனியில் பூசிக்கொண்டு போன அறிவாளிகளை வேறெங்கே பார்ப்பது?

எதிரி ஓர் அம்புகூட விடவில்லை. நாலே நாளில் முந்நூறு பேர் விறைத்துச் செத்தார்கள். மிச்சப்பேர் திரும்பி ஓடிவந்தார்கள். மூடுபல்லக்கில் கணப்புச் சட்டியோடு போன தளவாய் சூரப்பர் மட்டும் கொழுகொழுவென்று வந்து இறங்கினார்.

தோற்றதற்கு யாரையாவது காட்ட வேண்டுமே. படைக்கு வழிகாட்டிப் போன மாசன் என்ற ஆட்டிடையனைப் பிடித்து அரசசபைக்கு இழுத்துவந்தார் தளவாய்.

"அரசே, இவன் சூனியக்காரன். நம் வீரர்களின் உடம்புச் சூட்டையெல்லாம் உறிஞ்சித் தன் கம்பளியில் வைத்துக்கொண்டான். எல்லோரும் விறைத்தபோது இவன் மட்டும் சுகமாகத் தூங்கினான்."

"சாமி, நான் ஆடு மேய்க்கிறவன். எனக்கு அதெல்லாம் தெரியாது" என்று மாசன் அழுதான்.

யார் கேட்டார்கள்? "சூட்டைத் திருடியவனுக்கு நாளைக் காலை சிரச்சேதம்" என்றான் அரசன்.

மூளையைக் கழற்றி வைக்காமல் சபைக்கு வந்தவர் மந்திரி சாத்தப்பர் ஒருவர்தான். அவர் எழுந்தார்.

"சரியான தீர்ப்பு, அரசே. ஆனால் முந்நூறு பேரின் சூடு அந்தக் கம்பளியில் இருக்கிறது. அது அரசாங்கச் சொத்து. யாராவது தூக்கிக்கொண்டு போய்விட்டால்? விடியற்காலையில் அதைக் கோட்டைக் கொத்தளத்தின் மேல் வைப்போம். தளவாயே வீரக்கோலத்தில் காவல் நிற்கட்டும்."

தளவாய் எப்படி மறுப்பார்? அவர் அவிழ்த்துவிட்ட புளுகுதானே. கோழி கூவும் நேரத்தில் சந்தனம் பூசிக்கொண்டு மேலே ஏறினார். வாடைக் காற்று சுழற்றியடித்தது. சந்தனம் நெஞ்சில் பனிக்கட்டியாக ஒட்டிக்கொண்டது. பல் கிடுகிடுவென்று அடித்தது.

பொழுது புலர்ந்ததும் அரசனும் மந்திரியும் வந்து பார்த்தார்கள். காவல்காரரைக் காணோம். மூலையில் கம்பளி மூட்டையாகக் கிடந்தது. மூட்டை தும்மியது.

"அரசே, திருடன் கையும் களவுமாக அகப்பட்டான்" என்றார் சாத்தப்பர். "முந்நூறு பேர் சூடும் இப்போது இவர் உடம்பில். மாசனுக்காகத் தீட்டிய வாள் தயாராகத்தான் இருக்கிறது."

தளவாய் கம்பளியை உதறிவிட்டு அரசன் காலில் விழுந்தார்.

"ஐயோ, சூனியமும் இல்லை மண்ணாங்கட்டியும் இல்லை, அரசே. அது வெறும் ஆட்டு மயிர். யார் போர்த்திக்கொண்டாலும் குளிர் தாங்கும்."

அரசன் விழுந்து விழுந்து சிரித்தான். மாசனை உடனே விடுவிக்கச் சொன்னான். சாத்தப்பருக்குத் தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றி நீட்டினான்.

சாத்தப்பர் கை நீட்டவில்லை. சிரிக்கவும் இல்லை.

"இந்த ஞானம் உங்கள் இருவருக்கும் படை கிளம்பும் முன்பே வந்திருந்தால், முந்நூறு பேர் வீடு திரும்பியிருப்பார்கள், அரசே" என்றார்.