பொதுவாக ஒரு சிறுமி

ஓவிய ஆசிரியர் கலியமூர்த்திக்கு ஐம்பத்திரண்டு வயது. சீர்காழிப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் இருபத்தாறு வருடமாகப் படம் வரையச் சொல்லிக்கொடுக்கிறார். இரண்டு மலை, நடுவே பாதிச் சூரியன், கீழே குடிசை, பக்கத்தில் சாய்ந்த தென்னை. அந்த வட்டாரத்தில் யாரிடம் பென்சிலைக் கொடுத்தாலும் இதைத்தான் போடுவார்கள் என்றால், அந்தப் புண்ணியம் முழுக்க அவரையே சேரும்.

மனுஷனுக்கு ஓர் ஆசை இருந்தது. குழந்தைகள் புத்தகம் ஒன்றுக்காவது படம் போட்டுவிட வேண்டும். அதற்காக இரண்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் இளவேனிலிடம் போய்க் கற்றுவந்தார். புத்தகங்களுக்குப் படம் வரைவதுதான் இளவேனிலின் தொழில். அவரைவிடப் பதினேழு வயது இளையவள். அதனாலென்ன, அவர் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். அவள் அவரை சார் என்பாள்.

அந்த ஞாயிறு, மற்றவர்கள் கிளம்பிப் போன பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. பையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்து அவள் முன் வைத்தார்.

ஒன்று பதிப்பகத்துக் கடிதம். தொலைந்துபோன ஆட்டைத் தேடிப் போகும் சிறுமியின் கதைக்கு அவர் மாதிரிப் படங்கள் அனுப்பியிருந்தார். மலையும் மரமும் நன்றாக இருக்கின்றன, சிறுமியின் முகத்தில்தான் உயிரில்லை, வேறொருவரிடம் கொடுத்துவிட்டோம் என்று எழுதியிருந்தார்கள்.

மற்றது விருப்ப ஓய்வு கேட்டு அவரே எழுதிய மனு. மறுநாள் காலை தலைமையாசிரியர் கையில் கொடுப்பதாக இருந்தார்.

“கொடுத்துடலாமா டீச்சர்?”

“எதுக்கு சார் வேலைய விடணும்?”

“அந்த வேலைதான் என் கையக் கெடுத்துது. தெனம் அதே மலை, அதே சூரியன். போர்டுல போட்டுப் போட்டு கை மரத்துப்போச்சு. வெளிய வந்தா மிச்ச நாளைக்காவது ஓவியனா இருப்பேன். அங்கயே கெடந்தா வாத்தியாராத்தான் சாவேன்.”

சொல்லும்போதே குரல் உயர்ந்தது. கோபம் யார்மேல் என்று அவருக்கே தெரியவில்லை.

இளவேனில் இரண்டு தாள்களையும் ஓரமாக நகர்த்தினாள். வெள்ளைத் தாள் ஒன்றையும் பென்சிலையும் வைத்தாள்.

“உங்க ஸ்கூல்ல படிக்கிற ஒரு பொண்ண வரைங்க.”

இதென்ன பிரமாதம் என்று நினைத்தார். இரண்டே நிமிடம். வட்ட முகம், இரட்டைப் பின்னல், ரிப்பன், பெரிய கண், சிரிப்பு. கை தன்பாட்டுக்குப் போட்டுத் தள்ளியது.

“பேரு என்ன?”

“பேருன்னு இல்ல டீச்சர். பொதுவா ஒரு பொண்ணு.”

“பொதுவா ஒரு பொண்ணு எந்த பெஞ்சுல உக்காருவா?”

அவர் தாளைத் திருப்பி வைத்தார்.

“நெசமா இருக்கிற பொண்ணா ஒண்ணு வரைங்க சார்.”

“ஏழாம் வகுப்புல சங்கமித்ரான்னு ஒருத்தி இருக்கா. முதல் பெஞ்சு.”

பென்சிலை எடுத்தவர் நெற்றியிலேயே நின்றுவிட்டார். மேடா, தட்டையா? காது ஒட்டியிருக்குமா, விரிந்திருக்குமா? ஒரு கோடு போட்டார், அழித்தார். சங்கமித்ராவை விட்டுவிட்டு அவள் பக்கத்தில் இருப்பவளை நினைத்துப் பார்த்தார். அப்புறம் கடைசி பெஞ்சு. சீருடை தெரிந்தது. அதற்கு மேலே ஒன்றும் தெரியவில்லை. மனுஷனுக்கு வியர்த்துவிட்டது.

கால் மணி நேரம் போயிற்று. இளவேனில் அவசரப்படுத்தவில்லை.

“வரல டீச்சர்.”

“கிளாஸ்ல எப்படி நிப்பீங்க?”

“போர்டப் பாத்துத்தான். நாப்பது நிமிஷத்துல படத்த முடிக்கணுமே. நான் போடப் போட, அதுங்க பின்னாடி உக்காந்து பாத்துப் போடும். முடிக்கவும் பெல் அடிக்கவும் சரியா இருக்கும்.”

“மார்க் போடுறப்ப?”

“நோட்டு கட்டா வந்துடும். ஸ்டாஃப் ரூம்ல வச்சுப் போட்டுடுவேன்.” கொஞ்சம் நிறுத்தி, “நீங்களுந்தான் பாடம் நடத்தறீங்க. உங்க கைக்கு மட்டும் ஒண்ணும் ஆகலியே?” என்றார்.

இளவேனில் அலமாரியிலிருந்து போன மாதம் வந்த தன் புத்தகத்தை எடுத்து, நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து நீட்டினாள். கதையில் வரும் தபால்காரர் ஒருவர் கீழுதட்டைக் கடித்துக்கொண்டு முகவரி படித்துக்கொண்டிருந்தார். மூக்குக் கண்ணாடி ஒரு பக்கம் இறங்கியிருந்தது. இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு.

கலியமூர்த்தியின் கை தன் இடது புருவத்துக்குப் போயிற்று.

இரண்டு வருடம் அவர் குனிந்து வரைந்துகொண்டிருந்தபோதெல்லாம் இவள் அவரைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். இருபத்தாறு வருடத்தில் எத்தனை ஆயிரம் பிள்ளைகள் அவர் அறையில் உட்கார்ந்து எழுந்து போயிருக்கும். அத்தனை பேருக்கும் அவர் முதுகு மனப்பாடம். அவருக்கு ஒரு முகம்கூட ஞாபகமில்லை. அவமானம் பிடுங்கித் தின்றது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார்.

ஆனாலும் லேசில் விடுகிற ஆளா அவர்?

“தப்புதான் டீச்சர். பெரிய தப்பு. அதுக்காகவாவது நாளைக்கு இந்த வேலைய விட்டுடறனே.”

இளவேனில் மனுவை எடுத்து முதல் வரியிலிருந்து நிதானமாகப் படித்தாள். பணியில் சேர்ந்த நாள் என்ற இடத்தில் விரலை வைத்து அவர் பக்கம் திருப்பினாள்.

“இந்தத் தேதி தப்பா இருக்கு சார். நீங்க இன்னும் வேலைக்குச் சேரவே இல்லையே.”