பச்சை மூடிக் குப்பி

அந்த ஃப்ரீசரின் குளிரைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கொட்டாவி விட்டால், கொட்டாவி கட்டியாகிக் கால்மேல் விழும். அப்படி விழுந்து ஒருவருக்குக் கட்டைவிரல் வீங்கியதாகக்கூடக் கேள்வி.

அந்த ஆய்வுக்கூடத்தில் குருவுக்கு வயது முப்பத்து நான்கு. பெயர் நிலோஃபர். சிஷ்யருக்கு அறுபது தாண்டிவிட்டது. வெள்ளியங்கிரி, மாட்டு டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். குரு சிஷ்யரை ‘சார்’ என்பார். சிஷ்யர் குருவை ‘மேடம்’ என்பார். யாரைக் கண்டு யார் எழுந்து நிற்பது என்பது கடைசிவரை தீராததால், இருவரும் பெரும்பாலும் நின்றுகொண்டேதான் பேசினார்கள்.

அங்கே செய்தது டி.என்.ஏ. துண்டுகள். பல்பை எந்தக் கடையில் வாங்கினாலும் ஹோல்டரில் பொருந்துகிறதல்லவா, அதுபோல எல்லாத் துண்டுக்கும் நுனி ஒரே மாதிரி. எந்த ஊர்க்காரரும் எடுத்துத் தன் துண்டோடு கோத்துக்கொள்ளலாம்.

வெள்ளியங்கிரி இரண்டு வருஷம் மெனக்கெட்டு ஒரே ஒரு துண்டு செய்தார். அதைச் சுமக்கும் பாக்டீரியாவைப் பாலில் விட்டால், மடிநோய் வரப்போகிற மாட்டின் பால் செம்பருத்தியாய்ச் சிவக்கும். மடி வீங்குவதற்கு முன்பே. வீங்கிய மடிகளையே காலமெல்லாம் தடவிப் பார்த்த கை அவருடையது. பால் முதன்முதலாகச் சிவந்த அன்று அவர் மத்தியானச் சாப்பாட்டையே மறந்துபோனார்.

அந்தப் பாக்டீரியாவைப் பச்சை மூடிக் குப்பியில் அடைத்து ஃப்ரீசரில் வைத்தார். வைத்துவிட்டுக் கேட்டார்:

“ஏனுங்க மேடம், இதைப் பத்திரமா வெக்கறதுக்கு என்னங்க வழி?”

“வெளியில எடுத்தா உருக விடாதீங்க சார். மேலாகச் சுரண்டி எடுத்துக்கிட்டு உடனே உள்ள வச்சிடுங்க. உருகி உருகி உறைஞ்சா செத்துப்போகும். அப்புறம், தூத்துக்குடி சிலுவைமுத்து ரொம்ப நாளா கேட்டுட்டிருக்கார். டி.என்.ஏ.வை மட்டும் பிரிச்சு அவருக்கு ஒரு குப்பி அனுப்பிடுங்க.”

“பத்திரமா வெக்கறதுக்குத்தானுங்க வழி கேட்டேன்.”

“அதைத்தான் சார் சொல்றேன்.”

வெள்ளியங்கிரிக்கு மனசு வரவில்லை. சிலுவைமுத்து தூத்துக்குடி ஆய்வுக்கூடத்தில் இதே வேலை செய்கிற இளவட்டம், கைவேகக்காரன். நாம் கட்டுரை எழுதி முடிப்பதற்குள் அவன் தன் பேரைப் போட்டு வெளியிட்டுவிட்டால்? மேடம் சொல்லையும் தட்ட முடியாது.

பிரித்தெடுத்த டி.என்.ஏ.வும் தண்ணீரும் கண்ணுக்கு ஒன்றுதான். ஒரு குப்பியில் காய்ச்சி வடித்த தண்ணீரை விட்டார். பச்சை மூடி போட்டார். துண்டின் பெயரை அழகாக எழுதி ஒட்டி, தூத்துக்குடிக்கு அனுப்பிவைத்தார்.

“அனுப்பிட்டீங்களா சார்?”

“போயிருச்சுங்க மேடம்.”

அதன் பிறகு தினமும் காலையில் தன் குப்பியை வெளியே எடுப்பார். உள்ளங்கையில் பொத்திக்கொள்வார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். “சௌக்கியமா இருக்கியா கண்ணு?” என்று கன்றுக்குட்டியைக் கேட்பதுபோலக் கேட்பார்.

“சார், உருகுது.”

“ஒரு நிமிசமுங்க.”

பங்குனியில் சோதனைக்காகக் குப்பியிலிருந்து சுரண்டி, பாக்டீரியா வளர்க்கும் தட்டில் தேய்த்தார். மறுநாள் தட்டு கழுவிக் கவிழ்த்ததுபோல இருந்தது. பாதிக் குப்பியைத் தட்டில் சரித்துப் பார்த்தார். மீதிப் பாதியையும் சரித்தார். ஒரு புள்ளிகூட முளைக்கவில்லை.

நிலோஃபர் முன்னால் போய் நின்றார். “எல்லாம் செத்துப்போச்சுங்க மேடம். மறுபடியும் செய்யறதுன்னா ரெண்டு வருசமுங்க. கண்ணும் கையும் இனித் தாங்காதுங்க.”

“எதுக்கு சார் மறுபடியும்? தூத்துக்குடியில இருக்கே! அந்த டி.என்.ஏ.வைப் புது பாக்டீரியாவுல ஏத்திட்டாப் போதும்.”

வெள்ளியங்கிரி வாயைத் திறந்தார். வார்த்தை வருவதற்குள் நிலோஃபர் போனில் சிலுவைமுத்துவிடம் விஷயத்தைச் சொல்லி முடித்திருந்தார். அந்தப் பக்கம் ஐஸ் உடைக்கும் சத்தமே கேட்டது.

“இந்தா கெளம்பிட்டேன், அண்ணாச்சியக் கவலப்பட வேண்டாம்னு சொல்லுங்க!”

மறுநாள் சிலுவைமுத்து ஐஸ் பெட்டியைக் குழந்தைபோல அணைத்துக்கொண்டு வந்து இறங்கினார். வழியெல்லாம் மடியிலேயே வைத்திருந்தாராம். பக்கத்து சீட்காரர் மீன் பெட்டி என்று நினைத்து, வஞ்சிரமா, பாறையா என்று விலை கேட்டிருக்கிறார்.

“இந்தாங்க அண்ணாச்சி. மூடியே தொறக்கல.”

“இத்தன நாளா ஏந்தம்பி தொறக்கல?”

“நல்லாக் கேட்டீய! ரெண்டு வருசப் பாடு உங்களுக்கு. உங்க பேரு மொதல்ல அச்சுல வரட்டும், அதுக்கு முன்னாடி நான் கை வைக்கப்புடாதுன்னு இருந்துட்டேன்.”

வெள்ளியங்கிரி குப்பியை வாங்கினார்.

“குளிருது” என்றார்.

நிலோஃபர் அதை வாங்கி, உருகியதும் ஒரு துளி எடுத்து, டி.என்.ஏ. எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் கருவியில் வைத்தார். பூஜ்யம். துடைத்துவிட்டு இன்னொரு துளி வைத்தார். பூஜ்யம்.

சிலுவைமுத்து தலையில் அடித்துக்கொண்டார். “ஐயோ அண்ணாச்சி! தீவாளிக்கு முன்னாடி ஒரு நாள் கரண்ட் போச்சு. மீன் மார்க்கெட்டுக்கு ஓடி ஐஸ் வாங்கிக் கொட்டுனேன். பத்தாம போச்சுபோல. உங்க பாட்டையெல்லாம் நான் பாழாக்கிட்டேனே! மன்னிச்சிருங்க அண்ணாச்சி.”

ஒரு நாள் கரண்ட் போனதற்கெல்லாம் டி.என்.ஏ. அழியாது என்று சிலுவைமுத்துவுக்குத் தெரியும். அண்ணாச்சியைச் சந்தேகப்படத்தான் அவருக்குத் தெரியவில்லை.

அவர் வெள்ளியங்கிரியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். வெள்ளியங்கிரி பச்சை மூடியையே பார்த்துக்கொண்டு நின்றார். நிலோஃபர் வெள்ளியங்கிரியைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

பிறகு குப்பியை மூடி, சிஷ்யரின் சட்டைப் பையில் வைத்துவிட்டு, சிலுவைமுத்துவின் பக்கம் திரும்பினார்.

“நீங்க ஒண்ணும் பாழாக்கல. சார் குடுத்தது குடுத்தபடியே இருக்கு.”