வெண்காதனின் காதும் பாம்புச் சட்டையும்

குளக்கரைக் காட்டில் புதிதாக ஒரு செடி முளைத்தால் போதும், வெண்காதன் என்ற முயல் காதை மடக்கிக்கொண்டு ஒளியப் பார்ப்பான். அதன் இலை மேலே பட்டால் அரிக்குமா, அரிக்காதா என்று பார்க்க அவன் காதில்தான் தேய்ப்பார்கள். காது சிவந்தால் கரடியார் மருத மரத்தில் நகத்தால் ஒரு கீறல் போடுவார். சிவக்காவிட்டால் ஒரு புள்ளி. மரத்தைப் பார்த்துவிட்டுத்தான் மற்ற விலங்குகள் அந்த இலைமேல் படுக்கும், புரளும். வெண்காதனுக்கோ காதைச் சொறியவே பொழுது போதவில்லை!

ஒருநாள் அணில் ஓடி வந்தது.

"கரடியாரே! இனிமே யார் காதும் வேண்டாம். பாம்பு கழட்டிப் போட்ட சட்டையில இலைச் சாறை விட்டேன். அரிக்கிற இலைன்னா சட்டை கறுத்துப் போகுது!"

வெண்காதனுக்கு மகிழ்ச்சியில் தலைகால் புரியவில்லை.

கரடியார் லேசில் மசிகிறவரா? "மரத்துல குறி போட்ட பத்து இலையையும் சோதிச்சுக் காட்டு. பத்தும் ஒத்துவந்தா சரி!" என்றார்.

ஏழு ஒத்துவந்தன. மூன்று வரவில்லை.

"பார்த்தியா, மூணு தப்பு! வெண்காதா, நாளைக்குக் காதைக் கழுவிட்டு வா. புது இலை ரெண்டு இருக்கு!" என்றார் கரடியார்.

வெண்காதனுக்கு அழுகையே வந்துவிட்டது. அழுதுகொண்டே மரத்தை அண்ணாந்து பார்த்தான். அந்த மூன்று குறிகளும் விழுந்த நாட்கள் அவனுக்கு மறக்குமா?

"கரடியாரே, அந்த மூணு இலையையும் என் காதுல இன்னொரு தடவை தேய்ங்க!"

"என்னது, நீயா கேக்கறே?" கரடியார் வாயைப் பிளந்தார்.

"இதுவே கடைசியா இருக்கட்டும். எரிச்சலைப் பொறுத்துக்கறேன்."

காது நன்றாக ஆறிய பிறகு ஓர் இலை, மறுபடி ஆறிய பிறகு அடுத்தது என்று தேய்த்தார்கள். கீறல் இருந்த முதல் இலைக்குக் காது சிவக்கவே இல்லை. புள்ளி இருந்த இரண்டாவது இலைக்குக் கோவைப்பழமாகச் சிவந்தது!

"காது பொய் சொல்லுதே!" என்று கத்தினார் கரடியார்.

"காது என்ன செய்யும்? முதல் இலையை அன்னிக்குத் தேய்ச்சப்போ, முந்தின நாள் இலையாலேயே என் காது வீங்கிக் கிடந்துச்சு. எதைத் தேய்ச்சாலும் சிவந்திருக்கும்! ரெண்டாவதைத் தேய்ச்ச அன்னிக்கு அடைமழை. சாறெல்லாம் கழுவிட்டுப் போச்சு. நீங்க ஒரே தடவை பார்த்துட்டுக் குறி போட்டுட்டீங்க!"

மூன்றாவது இலைக்கு மட்டும் மரம் சொன்னபடியே காது சிவந்தது.

"அது என் தப்புதான்," என்று அணில் உடனே ஒப்புக்கொண்டது. "அந்த இலை காஞ்ச சருகு மாதிரி. சாறே வரலை. வேற வழி யோசிக்கணும்."

கரடியார் மரத்தடிக்குப் போனார். அத்தனையும் அவர் கையால் போட்ட குறிகள். ஆனாலும் தப்பான அந்த இரண்டையும் சுரண்டி எடுத்தார்.

"மூணுல ரெண்டு என் தப்பு, ஒண்ணுதான் அணிலோட தப்பு! வெண்காதா, நீ போய்ப் புல்லைத் தின்னு. புது இலையைப் பாம்புச் சட்டையிலேயே பார்த்துக்கறோம்!"

வெண்காதன் ஓடிய வேகத்தில் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அடுத்தவர் அளவு தவறு என்று சொல்லும் முன், நம் கையில் இருக்கும் அளவுகோல் சரிதானா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.