மூத்தவளின் எழுத்து

முன்னொரு காலத்தில் கடம்பநாட்டை உத்தமகேசரி என்ற ராஜா ஆண்டு வந்தான். ஆள் நல்லவன்தான், கோபம் மட்டும் மூக்கு நுனியில். காலையில் ஓர் உத்தரவு போடுவான், சாயங்காலம் அதை நினைத்து வருந்துவான். ஆனால் போட்ட உத்தரவைத் திரும்பப் பெறுவது ராஜாவுக்கு அழகில்லை என்று யாரோ சின்ன வயதில் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். அதனால் உத்தரவும் இருக்கும், வருத்தமும் இருக்கும்.

அந்த வம்சத்தில் பெயர் வைக்க ஒரு முறை உண்டு. மூத்த பிள்ளையின் பெயர் எந்த எழுத்தில் தொடங்குகிறதோ, பின்னால் பிறக்கும் எல்லோருக்கும் அதே எழுத்துதான். இன்னொன்று, உயிரோடு இருப்பவரின் பெயரைக் குடும்பத்தில் வேறு குழந்தைக்கு வைக்கவே மாட்டார்கள். செத்துப்போனவர் பெயரென்றால் வைக்கலாம்.

ராஜாவுக்கு மூத்தவள் பொற்பாவை. அவளுக்குப் பின் பொறையன், பொதியன். சாப்பாட்டு வேளையில் ராஜாவே வாசலில் நின்று, "பொற்பாவை, பொறையா, பொதியா" என்று ஒரே மூச்சில் கூப்பிடுவான். அந்த வரிசை அவன் நாக்குக்குப் பழகிப்போயிருந்தது.

பொற்பாவை வளர்ந்தாள். பக்கத்து நாட்டு இளவரசனுக்குப் பேசி வைத்திருந்தபோது, கடற்கரையிலிருந்து வந்த ஓர் உப்பு வணிகனைத் திருமணம் செய்துகொண்டு போய்விட்டாள். ராஜா கொதித்துப்போனான். "எனக்கு அப்படியொரு மகளே இல்லை. இனி அந்தப் பெயரை எவர் சொன்னாலும் சரி, அன்றைக்கே இந்த ஊரைவிட்டுப் போக வேண்டும்" என்று உத்தரவு போட்டான். பயந்துபோன சமையல்காரன் உப்பு என்ற சொல்லையே விட்டான், பிறகு உப்பையும் விட்டான். சப்பென்ற சோற்றை ராஜா வாய் திறக்காமல் தின்றான்.

அன்று முதல் பிள்ளைகளைக் கூப்பிட வாய் திறந்தால் 'பொ' என்று வந்து நிற்கும். கொஞ்சம் பொறுத்துத்தான் 'பொறையா' வரும். அந்த இடைவெளியில் அவன் என்ன பாடுபட்டான் என்பது ராணிக்கு மட்டும் தெரியும். அவளும் அதே பாடுதான் பட்டுக்கொண்டிருந்தாள்.

சில வருஷம் கழித்து ராணிக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. முகம் அச்சு அசலாக மூத்தவள். ராஜா தொட்டில் பக்கம் போவான், பார்ப்பான், கண் கலங்கித் திரும்பிவிடுவான்.

சபையில் விக்கிரமராயர் என்றொருவர். அமைச்சர் சேந்தனைக் கண்டாலே அவருக்கு வயிறெரியும். அவர் எழுந்து, "அரசே, குழந்தைக்குப் பெயர் பார்க்கும் பொறுப்பை நம் மகாபுத்திசாலி அமைச்சரிடம் கொடுங்கள். பெயர் பிடிக்கவில்லையென்றால் தலைப்பாகையை இறக்கி வைத்துவிட்டுப் போகட்டும்" என்றார்.

ராஜாவுக்கு அது வேடிக்கையாகப் பட்டது. "சேந்தரே, பொ எழுத்தில் பெயர் வேண்டும். இந்த அரண்மனையில் யாருக்கும் அந்தப் பெயர் இருக்கக் கூடாது. கேட்டதும் என் நெஞ்சு நிறைய வேண்டும்."

"அப்படி ஒரே ஒரு பெயர்தான் இருக்கிறது, அரசே" என்றார் சேந்தன். "பொற்பாவை."

ராஜா கோபப்பட்டிருக்க வேண்டும். ஆனால் எத்தனையோ நாளாக அந்தப் பெயருக்கு ஏங்கிக் கிடந்த காது, அதைக் கேட்டதும் கோபத்துக்கு வழி விடவில்லை.

"அந்தப் பெயரை எப்படி வைக்க முடியும்?" என்றான்.

"ஏன் முடியாது? அப்படியொரு மகள் இல்லை என்று தாங்களே சொல்லியிருக்கிறீர்கள். பெயர் சும்மாதானே கிடக்கிறது?"

அமைச்சருக்கு முன்பே ராஜாவிடம் நல்ல பெயர் வாங்கிவிட வேண்டும் என்று விக்கிரமராயர் முந்திக்கொண்டார். "சரியான யோசனை. நம்மைப் பொறுத்தவரை அவள் செத்தவள்தானே? செத்தவள் பெயரைத் தாராளமாக வைக்கலாம்."

ராஜா சிம்மாசனத்தைவிட்டு எழுந்துவிட்டான். "யாரைய்யா செத்தவள்? என் மகள் பொற்பாவை உயிரோடு இருக்கிறாள். நூறு வருஷம் இருப்பாள். அவள் இருக்க அவள் பெயரை இன்னொரு பிள்ளைக்கு எப்படி வைப்பேன்?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. அப்படியே உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான். "அவளைப் பார்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை, சேந்தரே. ஆனால் போட்ட உத்தரவை எப்படி எடுப்பேன்?"

"எடுக்கவே வேண்டாம். அப்படியே நிறைவேற்றலாம்" என்றார் சேந்தன். "அந்தப் பெயரைச் சொன்னவர் அன்றைக்கே ஊரைவிட்டுப் போக வேண்டும். நான் சொன்னேன். தாங்களும் சொல்லிவிட்டீர்கள். எந்த ஊருக்குப் போக வேண்டும் என்றோ, திரும்பி வரக் கூடாது என்றோ உத்தரவில் இல்லை. கடற்கரை நல்ல ஊர் என்கிறார்கள். இரண்டு பேருக்கும் ஒரு தேர் போதும்."

ராஜா அழுதுகொண்டே சிரித்தான். போகும்போது விக்கிரமராயரைக் கூப்பிட்டு, "நீர் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. அதனால் இங்கேயே இரும். நான் வரும்வரை தொட்டிலை ஆட்டுவது உம் பொறுப்பு" என்றான். குழந்தை நல்ல அழுகைக்காரி.

கடற்கரையில் பொற்பாவை உப்புக் குவியலுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். முழங்கை வரை வெள்ளை. வழியெல்லாம் சேர்த்து வைத்த பேச்சு ராஜாவுக்கு ஒன்றும் வரவில்லை. வாசலில் நின்று கூப்பிடுவதுபோல, "பொற்பாவை" என்றான்.

"வந்துட்டேன்ப்பா" என்றாள் அவள், கையைக்கூடத் துடைக்காமல்.

கணவனோடு அவள் அரண்மனைக்கு வந்தாள். நிறைவேற்றிய உத்தரவு அதோடு முடிந்தது என்று ராஜா சொல்லிவிட்டான். தங்கையை மடியில் வைத்துக் காதில் 'பொன்னெழினி' என்று பெயர் சொன்னாள். அமைச்சரிடம் என்ன பரிசு வேண்டும் என்று ராஜா கேட்டான். "முதலில் சமையலில் உப்புப் போடச் சொல்லுங்கள், அரசே" என்றார் சேந்தன். பரிசாக ஒரு கிராமமும் கிடைத்தது.

அன்று சாப்பாட்டு வேளையில் ராஜா வாசலில் வந்து நின்றான். "பொற்பாவை, பொறையா, பொதியா, பொன்னெழினி" என்று நிற்காமல் ஒரே மூச்சில் கூப்பிட்டான். நான்கு பேரும் வந்தார்கள். கடைசிக்காரியை மூத்தவள் இடுப்பில் வைத்துத் தூக்கி வந்தாள்.