முருங்கை தன் வைரத்தை விட்ட மாலை

அந்தக் காலத்தில் முருங்கை மரம் இரும்பைப் போல இருந்தது. மரத்தின் நடுவில் இறுகிக் கறுத்திருக்கும் கெட்டிக் கட்டையை வைரம் என்பார்கள். முருங்கைக்கு அடி முதல் நுனி வரை வைரம்தான். எந்தப் புயலிலும் அதன் ஒரு குச்சிகூட முறிந்ததில்லை. மரமும் விலங்கும் மனிதரோடு பேசிக்கொண்டிருந்த காலம் அது.

ஒரு மலையடியில் ஏழு குடிசைகள் இருந்தன. அங்கே வாழ்ந்தவர்கள் வரகுக் களியும் உப்புக்கண்டமும் மட்டுமே உண்டார்கள். கீரையைத் தொட மாட்டார்கள். "அது ஆட்டுத் தீனி" என்பார்கள்.

ஒரு கோடையில், பொழுது சாய்ந்ததும் குழந்தைகள் தடுமாறத் தொடங்கினார்கள். பகலில் எறும்பின் காலைக்கூடப் பார்த்த கண்கள், சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கியதும் எதையும் பார்க்கவில்லை. பெரியவர்களுக்கும் அப்படியே ஆனது. அவர்கள் பயந்துபோய், குடிசைகளைச் சுற்றியிருந்த வேலிக்கு இன்னும் முள் வெட்டிப் போட்டார்கள்.

மலைமேல் இருந்த சிறுத்தை இதைக் கவனித்தது. அதற்கு யார் குரலிலும் பேசத் தெரியும்.

ஒரு மாலை, மூன்றாம் குடிசைச் சிறுமி வேலாயி, "அம்மா கூப்பிடுறாங்க" என்று எழுந்து போனாள். அவள் அம்மா அப்போது குடிசைக்குள்தான் இருந்தாள். வேலாயி திரும்பி வரவில்லை.

அதற்குப் பிறகு அந்தியானால் அம்மாக்கள் பிள்ளைகளின் இடுப்பில் கயிறு கட்டி, மறுமுனையைத் தூணில் கட்டினார்கள்.

கடைசிக் குடிசையில் காத்தாயி, அவள் மகள் நாச்சி, ஐந்து வயது மகன் சடையன் மூவரும் இருந்தார்கள். அவர்கள் ஆடு மட்டும் அந்தியிலும் தடுமாறாமல் நடந்தது. நாச்சி அதனிடம் கேட்டாள்.

"உனக்கு மட்டும் எப்படித் தெரியுது?"

ஆடு மென்றுகொண்டே சொன்னது: "நான் முருங்கைக்கீரை தின்கிறேன். நீங்கள் தின்பதைப் பார்த்தால் எனக்கே கண் இருட்டுகிறது."

மறுநாள் காலை நாச்சி வேலிக்கு வெளியே ஓரமாக நின்ற முருங்கை மரத்தடிக்குப் போனாள். "முருங்கையக்கா, ஒரு பிடி கீரை பறிச்சுக்கட்டுமா?"

"பறித்துக்கொள். இதுவரை ஆடு மட்டும்தான் வந்திருக்கிறது, அதுவும் கேட்காமலே கடித்துவிடும்" என்றது மரம்.

அம்மா சந்தையில் விற்க வெண்ணெய் உருக்கிக்கொண்டிருந்தாள். நாச்சி கீரையை அதில் போட்டாள். படபடவென்று பொரிந்து மணத்தது. களியில் வைத்துத் தின்றாள். முதலில் லேசாகக் கசந்தது. பிறகு நாக்கு இன்னும் கேட்டது.

"அக்கா ஆடாயிட்டா! மே! மே!" என்று குதித்தான் சடையன். அம்மாவும் முகம் சுளித்தாள். இருவரும் தொடவில்லை. நாச்சி தினமும் தின்றாள்.

பத்தாம் நாள் அந்தியில் அடுப்புப் புகை அவள் கண்ணுக்குத் தெரிந்தது. வாசல் தெரிந்தது. வேலிக்கு வெளியே, புல்லுக்கு நடுவில், இமைக்காத இரண்டு கண்களும் தெரிந்தன.

அப்போது வெளியிலிருந்து அம்மாவின் குரல் கேட்டது.

"சடையா, கண்ணு, வாடா. அம்மா இங்கே இருக்கேன்."

நாச்சி திரும்பிப் பார்த்தாள். அம்மா அவள் பக்கத்தில் உட்கார்ந்து களி கிண்டிக்கொண்டிருந்தாள். அவள் உதடு அசையவில்லை. தூணில் கயிறு மட்டும் தொங்கியது. சடையன் முடிச்சை அவிழ்த்துக்கொண்டு போயிருந்தான்.

"சடையா!" என்று அலறி எழுந்த அம்மா, கண் தெரியாமல் சுவரில் மோதி விழுந்தாள்.

நாச்சி ஓடினாள். வேலித் திறப்பைத் தாண்டி, கைகளை நீட்டியபடி சிரித்துக்கொண்டே நடந்தான் சடையன். புல் அவனை நோக்கி விலகி விலகி வந்தது. நாச்சி அவனை வாரித் தூக்கினாள். குடிசைக்குத் திரும்ப நேரமில்லை. முருங்கைதான் பக்கத்தில் இருந்தது. தம்பியை மேலே தள்ளிவிட்டு அவளும் ஏறிக் கவட்டில் ஒட்டிக்கொண்டாள்.

சிறுத்தை ஒரே பாய்ச்சலில் பக்கக் கிளைக்குத் தாவியது. அந்தக் கிளை வளையக்கூட இல்லை.

"நல்ல உறுதியான மரம்" என்றது சிறுத்தை, இன்னும் அம்மாவின் குரலிலேயே. ஓர் அடி வைத்தது. இன்னோர் அடி வைத்தது.

"அக்கா, அது அம்மாதானே?" என்றான் சடையன். நாச்சி அவன் வாயைப் பொத்தினாள்.

மரம் மெல்லப் பேசியது. "நாச்சி, சிறுத்தை நிற்கும் கிளையை ஒடிக்க வேண்டுமென்றால் என் உடம்பில் உள்ள வைரம் முழுவதையும் நான் விட வேண்டும். விட்டால் திரும்ப வராது."

நாச்சி ஒரு கையால் மரத்தைத் தழுவி, மறு கையால் தம்பியை இறுக்கிக்கொண்டாள். அவளுடைய நடுக்கம் மரத்துக்குள் இறங்கியது.

மரம் பெருமூச்சு விட்டது. அடியிலிருந்து நுனிவரை அதன் உடம்பு வெளுத்து இளகியது. படாரென்று கிளை ஒடிந்தது. சிறுத்தை கிளையோடு கீழே வேலியின் மேல் விழுந்தது. முள் தைத்த கால்களோடு எழுந்து, முதன்முறையாகத் தன் சொந்தக் குரலில் உறுமியது.

"உங்கள் கண் மறுபடி இருட்டும். அப்போது வருவேன்."

நொண்டிக்கொண்டே மலை ஏறியது.

விடிந்ததும் ஏழு குடிசைக்காரர்களும் விழுந்த கிளையைச் சுற்றி நின்றார்கள். கீரை தின்று கண் தெரிந்ததை நாச்சி சொன்னபோது யாரும் ஆட்டுத் தீனி என்று சொல்லவில்லை. சடையன்தான் முதலில் குனிந்து ஒரு கொத்துக் கீரையை உருவினான். பிறகு கிளையை ஏழு துண்டாக்கி, குடிசைக்கு ஒன்றாக நட்டார்கள். ஏழும் துளிர்த்தன.

அந்த மாலையிலிருந்துதான் முருங்கைக்கு வைரம் இல்லை. கிளை சட்டென்று ஒடிகிறது. ஒடித்து எங்கே நட்டாலும், பிள்ளைகள் இருக்கும் வீட்டுப் பக்கமாக அது துளிர்த்து நிற்கிறது.