துணி சுற்றிய லென்ஸ்

கேமரா சங்கத்தில் தலைவர் பொன்னம்பலம் வைத்ததுதான் சட்டம். பழுது பார்க்கும் சபீனா, சங்கத்து ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவில் வேறு கம்பெனி லென்ஸை அடாப்டர் என்னும் இணைப்பு வளையம் போட்டு மாட்டியிருந்தாள். அவருக்குப் பொறுக்கவில்லை.

"பழைய அசல் லென்ஸுக்கு இது ஈடாகுமா? ஃபிலிம் கழுவாம இப்பவே நிரூபி. இல்லேன்னா இனிமே இங்க எந்தக் கேமராவையும் தொடாதே!"

சபீனா இரண்டு லென்ஸையும் மேசையில் வைத்தாள். "மாட்டித் தர்றேனுங்க. எதுன்னு நீங்களே பார்த்துச் சொல்லுங்க."

ஒரு லென்ஸை மாட்டி, அடையாளம் தெரியாதபடி கறுப்புத் துணியால் முழுக்க மூடிச் சுற்றினாள். தலைவர் கேமரா ஜன்னலில் கண்ணை வைத்தார்.

"ஆகா, என்ன குளுமை! இது பழசு."

லென்ஸை மாற்றி, மறுபடி துணி சுற்றினாள்.

"சே, ஒரே மங்கல். அடாப்டர்!"

எல்லோரும் கைதட்டினார்கள். சபீனா கேட்டாள்:

"ரெண்டு தடவையும் லென்ஸ் துணிக்குள்ளதானே இருந்துச்சு? இது ரேஞ்ச்ஃபைண்டர், நீங்க பார்த்தது லென்ஸுக்கு மேல தனியா இருக்கிற ஜன்னல் வழியா. லென்ஸ் வழியா ஃபிலிம்தானே சார் பார்க்கும்?"